திரும்பிப் பார்க்கும் வகுப்பு

பிலோமினா டீச்சரைத் தணிகாசலம் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

அன்று காலைதான் அவரிடம் முறையிட்டிருந்தார் தணிகாசலம்.

"பத்து மாசம் ஆச்சு டீச்சர். பாடம் நடத்துறது நான். பிள்ளைங்க திரும்பித் திரும்பி உங்க முகத்தைப் பார்க்குதுங்க. இவர் சொல்றது சரிதானான்னு கேக்குற மாதிரி."

தணிகாசலத்துக்கு நாற்பத்து நான்கு வயது. டீச்சருக்கு முப்பத்தொன்று. பிஸ்கட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அந்த நகரத்துப் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்தவர் தணிகாசலம். வருடம் முழுக்க ஒரே ஆசிரியரோடு ஒரே வகுப்பில் இருக்க வேண்டும். முடிவில் அந்த ஆசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் தனி வகுப்பு. படிவம் அன்று மாலைக்குள் போக வேண்டும்.

"ஒரே ஒரு பீரியட், யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. கையெழுத்துப் போட்டுடறேன் சார்."

"நீங்க வெளியே போயிட்டா?"

"போன வாரம் வராண்டாவுல நின்னேனே. எல்லாரும் ஜன்னலைப் பார்த்தாங்க."

"அப்போ நான் என்னதான் பண்றது?"

டீச்சர் கொட்டாவி விட்டார். "எனக்குத் தூக்கம் வருது சார்."

மதியம். சிமெண்ட் தரையில் ஒரு கை தண்ணீரைத் தெளித்து, அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார் தணிகாசலம். கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

டீச்சர் கண்ணை மூடியிருந்தார்.

மின்விசிறி சுற்றியது. தூரத்தில் ரயில் போனது. ஈரம் ஒரு மேகம் போலச் சுருங்கிக்கொண்டே வந்தது.

"தண்ணி எங்க சார் போவுது?" என்றாள் ஷபீனா.

பதில் தெரியும். ஆனாலும் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அந்தக் கண்கள் திறக்கவில்லை.

வேறு வழியில்லாமல் ஷபீனாவைப் பார்த்தார். கேட்டு முடித்த பிறகும் அவள் முகம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நீ சொல்லேன்."

"ஃபேன் குடிச்சிடுச்சு."

"போடி, அப்போ கரண்ட் போனா துணியே காயாதா?" என்றான் ஒருவன்.

வகுப்பே சிரித்தது. தணிகாசலம் தரையில் மண்டியிட்டார். பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டார்கள். ஈரம் சுருங்கச் சுருங்க உள்ளே இன்னொரு கோடு, அதற்குள் இன்னொன்று. யார் பேசினார்கள், எவ்வளவு நேரம் போனது, ஒன்றும் தெரியவில்லை.

மணி அடித்தது. டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"யாராவது என்னைத் திரும்பிப் பார்த்தாங்களா சார்?"

"தெரியல டீச்சர். நான் அந்தப் பக்கமே..."

பாதியில் நிறுத்தினார்.

டீச்சர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

ஞாயிறு காலை சர்ச் பூசைக்குக் கிளம்பும்போது டீச்சரின் இதயம் நின்றுபோனது. திங்கட்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தணிகாசலம் தனியாக வகுப்புக்குள் நுழைந்தார். நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

தரையில் மூன்று சாக்பீஸ் கோடுகள் இருந்தன, ஒன்றுக்குள் ஒன்றாக.