கடைசிக் குட்டியின் வால்

அந்தக் காலத்தில், மனிதன் என்று ஒருவன் வரப்போகிறான் என எந்த உயிரும் கனவுகூடக் காணாத காலத்தில், மேற்கே மலைகள் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தன. பனைமர உயரத்துக்குப் பல்லிகள் நடமாடின. அவற்றின் காலில் மிதிபடாமல் பிழைத்தாலே போதும் என்று ஒரு சின்னஞ்சிறு கூட்டம் வாழ்ந்துவந்தது. சுண்டெலி அளவு உடம்பு, காய்ந்த சுள்ளி போல நீண்ட வால். மற்ற பிராணிகள் அவற்றைச் சுள்ளிவாலிகள் என்று கூப்பிட்டன.

சுள்ளிவாலிகள் மரத்தில் குடியிருந்தன. மான மரியாதை பார்க்கிற கூட்டம். சொந்தத்தின் மேல் பல் படக்கூடாது என்பதுதான் அவற்றின் முதல் சட்டம். பால் குடிக்கிற குட்டி தெரியாமல் கடித்துவிட்டால்கூட அன்றைக்கு அதற்குப் பட்டினிதான். வெளியே போகும்போது தாய் முன்னால் நடந்து, "இங்கே" என்று குரல் கொடுக்கும். குட்டி, "இதோ" என்று பதில் சொல்லிக்கொண்டே பின்னால் வரும். தொடாமல், இடிக்காமல், எவ்வளவு நாகரிகம்! வெளிச்சம் இருந்தவரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

வேம்பி என்றொரு சுள்ளிவாலிக்கு அந்த வருடம் தங்கியது ஒரே குட்டி. பெயர் கடுகு. அவர்கள் இருந்த மரத்தின் வேரடியில் குறுணி என்ற மூஞ்சூறு தன் பிள்ளைகளோடு குடியிருந்தாள். குறுணிக்குக் கண் சரியாகத் தெரியாது, உடம்பில் ஒரு வாடை வேறு, வாய் ஓயாது. மேல்வீட்டு வேம்பிக்குக் கீழ்வீட்டுக்காரி என்றாலே இளக்காரம்தான். ஆனாலும் பேச்சை விடவில்லை. அக்கம்பக்கம் என்றால் அப்படித்தானே!

ஒருநாள் மேற்கு மலை வெடித்தது. சாம்பல் வந்து வானத்தை மூடிவிட்டது. அதன்பிறகு நடந்த கூத்தை எந்த வரிசையில் சொல்வது என்று எனக்கே புரியவில்லை. பகலா இரவா என்று யாருக்கும் தெரியவில்லை. தட்டான்பூச்சி தூங்கப் போய்விட்டது, விட்டில் விடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு அலைந்தது. தவளை சாம்பலை மழை என்று நினைத்துப் பாட வாயைத் திறந்து இருமத் தொடங்கியது. ஒரு பெரிய பல்லி தன் வாலையே வேறு யாரோ என்று எண்ணி வழிவிட்டு ஒதுங்கி நின்றது. எல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

குறுணி மட்டும் தடுமாறவில்லை. "எனக்கு வெளிச்சம் இருந்தாலும் இதே நிலைமைதான். ஆத்தங்கரைப் பாறைக்கு அடியில வளை இருக்கு. மோப்பத்துலயே போயிடலாம். சாம்பல் மூடறதுக்குள்ள கிளம்புக்கா" என்றாள்.

வேம்பியும் கடுகோடு இறங்கி வந்தாள். குறுணியின் பிள்ளைகள் கும்பலாக முட்டி மோதிக்கொண்டு வந்தன. வேம்பி தன் வழக்கப்படி, "இங்கே" என்று கூப்பிட்டாள். பாறைகள் எல்லாம், "இங்கே, இங்கே" என்றன. போதாக்குறைக்கு, காட்டிலிருந்த ஒவ்வொரு சுள்ளிவாலித் தாயும் அதையேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது! ஒரு குரலுக்கு நூறு பிள்ளைகள், "இதோ" என்றன. எந்தப் பிள்ளை யாருடையது, எந்த இடம் 'இங்கே' என்று எவருக்கும் விளங்கவில்லை.

கடுகு நடுங்கிப்போனான். அம்மாவின் வால் மூக்கில் உரசியதும் சட்டத்தை மறந்தான். லபக்கென்று கவ்விக்கொண்டான்.

"ஐயோ! பெத்தவளையே கடிக்கிறியா?" என்று வேம்பி வாலை உதறினாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம். பரம்பரை பரம்பரையாக உதறிய வால் அது. உதறிய மறுகணமே திரும்பித் தேடினாள். கடுகு அங்கே இல்லை.

அவன் திறந்த வாய் திறந்தபடியே உருண்டுபோய்க் குறுணியின் பின்புறத்தைக் கவ்வியிருந்தான். குறுணி வீல் என்று கத்திவிட்டுச் சிரித்தாள். "யாரு, மேல்வீட்டுப் பயலா? நல்ல யோசனைதான்டா! எல்லாரும் இதே மாதிரி ஒருத்தர் பின்னால ஒருத்தர் கவ்விக்கோங்க. கடுகு, உன் வால் நீளம், நடுவுல வந்தா எல்லாம் தடுக்கி விழும். நீ கடைசிக்குப் போ. என்ன ஆனாலும் வாயைத் திறக்காதே."

கடுகு கடைசிப் பிள்ளையைக் கவ்விக்கொண்டான்; வேம்பி எந்தப் பக்கம் என்று அந்தக் கூச்சலில் தெரியாமலே வரிசை நகர்ந்தது. சுடுகற்கள் விழத் தொடங்கியதால் நிற்கவும் வழியில்லை. அப்போதுதான் வெகு பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது. "கடுகு! இங்கே! இங்கேடா!"

அம்மா! "இதோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாயைத் திறந்தால் பிடி போய்விடும். பிடியை விட்டால் இந்த இருட்டில் அம்மாவும் கிடைப்பாள் என்பது என்ன நிச்சயம்? பாவம், அந்தப் பிஞ்சு என்ன செய்யும்? பதில் சொல்ல முடியாத கடுகு தன் வாலைப் பின்னால் எட்டிய மட்டும் நீட்டினான். வால் நுனி வேம்பியின் மீசையில் பட்டது.

"குறுணி! இது என் பிள்ளையோட வாலா?"

"ஆமாக்கா! கடைசியில அவன்தான்! கவ்விக்கோ!"

"கடிக்கச் சொல்றியா? என் பிள்ளையையா?"

"ஆபத்துக்குப் பாவமில்லைக்கா! கடி!"

வேம்பி வாயைத் திறந்தாள். மூடினாள். கையால் பிடிக்கப் பார்த்தாள், வால் வழுக்கியது. கடித்தால் வலிக்குமே. வலித்தால் கத்துவானே. கத்தினால் பிடியை விட்டுவிடுவானே. கடிக்காவிட்டால்? பல் படலாமா? படக்கூடாதா? தாய்க்கு எது சரி? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முடிவாக, கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள்.

வாய் நிறையச் சாம்பல்தான் வந்தது. அதற்குள் வரிசையோடு வாலும் நகர்ந்து போய்விட்டிருந்தது.

பாறைக்கு அடியில் போய்ச் சேர்ந்த பிறகும் கடுகு வாயைத் திறக்கவில்லை. வாலையும் மடக்கவில்லை. சாம்பல் அடங்கி வெளியே வந்து பார்த்தபோது சுள்ளிவாலிகள் ஒன்றுகூட இல்லை. கடுகு மூஞ்சூறுகளோடே வளர்ந்தான், அவற்றின் நடுவிலேயே முடிந்தான். அவனோடு சுள்ளிவாலி இனமும் முடிந்தது. சொந்தத்தின் மேல் பல் படக்கூடாது என்று வாழ்ந்த கூட்டத்தில் இன்று மிஞ்சியிருப்பது கல்லுக்குள் கிடக்கும் சில பற்கள் மட்டுமே.

அன்று முதல்தான் மூஞ்சூறுக் குட்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்று கவ்விக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தாயின் பின்னால் வரிசையாகப் போகின்றன. அன்று முதல்தான், பின்னால் யாருமே வராதபோதும், கடைசிக் குட்டி தன் வாலை நீட்டிக்கொண்டே போகிறது.