காக்காய் வாங்கிய சம்பளம்

மட்டியூர் நாட்டில் ஒரு சட்டசபை இருந்தது. அங்கே மூளை இருந்ததாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

அந்தச் சபை உறுப்பினர் கொம்பையா திடீரென்று செத்துப்போனார். கடைசி மாதச் சம்பளம் பாக்கி. அது வந்தால்தான் மழைக்கு முன்னால் ஒழுகுகிற கூரையை மாற்ற முடியும் என்று அவர் மனைவி பேராச்சி நடையாய் நடந்தாள்.

"தர மாட்டோம்னு யாரும்மா சொன்னா?" என்றார் சபாநாயகர். "உறுப்பினர் கையில நேரா குடுக்கணும்னு சட்டம். அவரை வரச் சொல்லுங்க."

"செத்தவரு எப்படிய்யா வருவாரு?"

"அது உங்க குடும்ப விஷயம். சபை தலையிடாது."

பேராச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அமாவாசைக்குக் காக்காயா வருவாரு. அவருகிட்டயே குடுத்துத் தொலைங்க!" என்று கத்திவிட்டுப் போனாள். அந்த அறிவுக்கொழுந்துகளிடம் அப்படிச் சொல்லலாமா?

அமாவாசையன்று சபை மொட்டைமாடியில் கூடியது. வாழையிலையில் சோறு, பக்கத்திலேயே சுருட்டிவைத்த நோட்டுகள். சேதி கேட்டுப் பேராச்சி தலையிலடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "பேசணும்னா முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும்" என்று அவளை ஓரமாய் உட்காரவைத்தார்கள்.

ஒரு காக்காய் வந்தது. சோற்றைத் தின்றது. நோட்டைத் திரும்பியும் பார்க்காமல் பறந்துபோனது.

"இது கொம்பையா இல்லை" என்றார் சபாநாயகர். "காசைப் பாத்துட்டு அவரு சும்மா போனதுண்டா?"

"கிடையவே கிடையாது" என்று எதிர்க்கட்சித் தலைவரும் ஒத்துக்கொண்டார். அந்தச் சபையில் இருதரப்பும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

அடுத்த காக்காய் கத்திக்கொண்டே வந்தது. "இதுவும் இல்லை. அவரு சபையில வாயே திறந்ததில்லையே" என்று விரட்டினார்கள்.

பிறகு ஒன்று சத்தமில்லாமல் வந்தது. சோற்றை விட்டுவிட்டு நோட்டுச்சுருளைக் கவ்விக்கொண்டு கிளம்பியது.

"அவரேதான்!" சபை எழுந்து நின்று கைதட்டியது.

"ஐயையோ, பிடிங்கய்யா!" பேராச்சி அலறினாள். காக்காய் எதிர்த்த வேப்பமரத்துக் கூட்டில் போய் இறங்கியது. "ஏணி கொண்டாங்க, நானே ஏறி எடுத்துக்கிறேன்!"

ஏணி வந்தது. மரியாதைக்காகச் சபாநாயகரே முதலில் ஏறிக் கூட்டை எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. மெல்ல இறங்கிப் பேராச்சியிடம் வந்தார்.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா. உங்களுக்குத் தெரியாம அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கு. கண்ணு திறக்காத பச்சைப் பிள்ளைங்க மூணு. நல்லவேளை, பணம் வாரிசுங்ககிட்ட ஒழுங்கா போய்ச் சேந்துடுச்சு."

பேராச்சி ஏணியைப் பிடுங்கப் போனாள். சபை அதைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டது. சக்களத்திச் சண்டைக்கு இடம் கொடுக்கக் கூடாதாம்.