‘போயிட்டு வா’ என்றதை நம்பிய கெண்டை

இந்தக் கதை எனக்கு நேரடியாகத் தெரிந்தது இல்லை. ஏரியில் ஆராய்ச்சிப் படகு ஓட்டும் மாதையன் அண்ணன் சொன்னார். அவரும் யாரிடமோ கேட்டதுதானாம். மீன்கள் பேசியதை யார் கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

ஒரு பெரிய ஏரியில் செவ்வாலி என்ற கெண்டையும் அவள் தங்கை சின்னாலியும் வாழ்ந்து வந்தார்கள். ஒரு நாள் செவ்வாலி வலையில் மாட்டிக்கொண்டாள்.

“ஐயோ, அக்கா!” என்று சின்னாலி கதறினாள்.

அது நீல நிற ஆராய்ச்சிப் படகு ஒன்றின் வலை. படகில் ஒரு பெண் இருந்தாள். அவள் செவ்வாலியை ஈரத்துணியில் பிடித்துப் பலகையில் கிடத்தி அளந்தாள். முதுகுத் துடுப்பின் அடியில் எண் எழுதிய மஞ்சள் பட்டை ஒன்றைச் செருகினாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு மெதுவாகத் தண்ணீரில் விட்டாள்.

“நீ எவ்வளவு வளர்றேன்னு பார்ப்போம். போயிட்டு வா, கண்ணு!” என்றாள்.

செவ்வாலி திரும்பி வந்ததும் கொடுக்கன் என்ற நண்டு சிரித்தான்.

“என்னடி, முதுகுல கம்மல் குத்திக்கிட்டு வந்திருக்கே!”

“கிண்டல் பண்ணாதே! அந்த அக்கா என்னைத் திரும்ப வரச் சொல்லியிருக்காங்க.”

“அடி பைத்தியமே! நான் படகுத்துறையிலேயே கிடக்கிறவன். மனுஷங்க யாரையும் ‘போ’ன்னு சொல்ல மாட்டாங்க. கரையில பஸ் ஏறுறவங்ககிட்டயும் ‘போயிட்டு வா’தான். பாதிப் பேர் வர்றதே இல்லை!”

செவ்வாலி கேட்கவில்லை. சின்னாலியோ அந்தப் பட்டையையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

“அக்கா, எனக்கும் ஒண்ணு வேணும்!”

“நல்லா சாப்பிட்டு வளரு. நானே கூட்டிட்டுப் போறேன்.”

மாதங்கள் ஓடின. பாசி, புழு எதையும் விடாமல் இருவரும் தின்றார்கள். அளக்கும்போது அந்த அக்கா சந்தோஷப்பட வேண்டுமே!

ஒரு காலையில் வலை இறங்கியது. செவ்வாலி துள்ளினாள்.

“வந்துட்டாங்க! வா, சின்னாலி!”

“நில்லுங்கடி! இது வேற படகு. அடியில தார் பூசியிருக்கு பாரு!” என்று கொடுக்கன் கத்தினான்.

“எந்தப் படகா இருந்தா என்ன? என்கிட்டதான் பட்டை இருக்கே! பயப்படாம என் பக்கத்துலயே வா.”

இருவரும் வலைக்குள் நீந்திப் போனார்கள்.

அது மீன்பிடித்துப் பிழைக்கும் வேடியப்பனின் வலை. அவர் செவ்வாலியைத் தூக்கிப் பார்த்தார்.

“அட, மஞ்சள் பட்டை! கிடைச்சா மீனை அளந்துட்டு, பட்டையைக் கொண்டாரச் சொல்லுச்சே அந்த நீலப் படகுப் பொண்ணு!”

“பார்த்தியா? நான் சொன்னேன்ல!” என்றாள் செவ்வாலி.

வேடியப்பன் அவளை ஒரு கயிற்றால் தலையிலிருந்து வால்வரை அளந்து, நீளத்துக்கு அடையாளமாகக் கயிற்றில் முடிச்சுப் போட்டார். பட்டையை நறுக்கி எடுத்தார். துடைத்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தார். செவ்வாலியைக் கூடையில் போட்டார். சின்னாலி ஏற்கெனவே அங்கே கிடந்தாள்.

“அக்கா, எனக்கு எப்போ பட்டை போடுவாங்க?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

செவ்வாலி கூடையின் இடுக்கு வழியே நீலப் படகைத் தேடினாள். ஏரியில் வேறு படகே இல்லை.

“கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ, சின்னாலி” என்றாள்.

ஒருவர் அன்பாகச் சொன்ன வழக்கச் சொல்லை எல்லோரும் தந்த வாக்காக எண்ணி, நம்மை நம்பியவரையும் ஆபத்துக்குள் அழைத்துப் போகக் கூடாது.

பிறகு அந்தப் பெண்ணின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எண் 217: விட்டபோது இருபத்து நான்கு சென்டிமீட்டர், கிடைத்தபோது முப்பத்தொன்று, இடையில் இருநூற்றுப் பன்னிரண்டு நாட்கள். அன்று கூடவே பிடிபட்ட இன்னொரு கெண்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எண் இல்லாத மீனை அந்த நோட்டில் எழுதுவதில்லை.