ஏழாம் மேசையின் படகு

அன்று ஆசிரமத்தில் இருந்தவர்கள்: குருவான மங்களாம்பிகை அம்மா. அவருடைய சீடர் வேதவல்லி. சமையல் தருமன். தோட்டம் பார்க்கும் இருவர். சாமான் அறை பார்க்கும் நான். விருந்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் நாற்பத்திரண்டு. ஆக நாற்பத்தெட்டு. மேசைக்கு நால்வர் என்று பன்னிரண்டு மேசை போட்டோம்.

ஆண்டுக்கு ஒருமுறை மாறுவேட விருந்து. அந்த ஆண்டுக்குக் கடல் என்று அம்மா தலைப்புக் கொடுத்திருந்தார். மேசை நடுவில் வைக்கும் அலங்காரத்துக்குக் கடையில் எதுவும் வாங்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

வேதவல்லி தோப்பில் விழுந்து கிடந்த தென்னம்பாளைகளைப் பொறுக்கினார். பாளை காய்ந்தால் படகு மாதிரியேதான் இருக்கும். ஈர்க்குச்சியில் பாய்மரம் நட்டு, பழைய செய்தித்தாளைக் கஞ்சிப் பசையில் விறைப்பாக்கிப் பாய் கட்டினார். கவிழாமல் இருக்க உள்ளே ஆற்று மணல். பன்னிரண்டு படகு.

காலையில் அம்மா பார்க்க வந்தார். பதினொரு படகில் பாய் ஒரு சாண் உயரம். ஏழாம் மேசையில் மட்டும் மூன்று சாண். அகலமும் அதே கணக்கு.

"இது மட்டும் ஏன் இப்படி?"

"அது தலைமைப் படகு, அம்மா."

அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்தார். எதிரில் வேதவல்லியை உட்காரச் சொன்னார்.

"என் முகம் தெரிகிறதா?"

"இல்லை, அம்மா."

"இன்று இந்த இடத்தில் உட்காரப்போவது யார்?"

வேதவல்லி பசை ஒட்டிய விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "என் அக்கா கமலவேணி. ஏழு வருஷமாகப் பேச்சில்லை. அப்பாவை ஐந்து மணிக்கு எடுத்துவிட்டாள். நான் ஐந்தே காலுக்குப் போய் இறங்கினேன். கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கோபம் எப்போது போகும், அம்மா?"

அம்மா பாயைத் தடவிப் பார்த்தார். "நன்றாக ஒட்டியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பகல் பன்னிரண்டுக்கு விருந்து. அம்மா முதுகில் பிரம்புக்கூடை கட்டி ஆமையாக வந்தார். என்னைச் சங்கு என்றார்கள். வெள்ளை வேட்டியைத் தலையோடு சுற்றியிருந்ததால் எனக்கும் சௌகரியமாக இருந்தது. ஏழாம் மேசையில் நான் வேதவல்லிக்குப் பக்கத்தில். பாய்க்கு அந்தப் பக்கம் கமலவேணி, நண்டு வேடம். அவருக்குப் பக்கத்து இடம் தருமனுடையது. அவர் பரிமாறிக்கொண்டிருந்தார்.

சாம்பார் வந்தது. வேதவல்லி தலை நிமிரவில்லை. பாய்க்குப் பின்னால் டம்ளர் கவிழும் சத்தம் கேட்டது.

"வேதா."

வேதவல்லி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தப் பக்கம் நீதான்னு தெரியும்டி. ரெண்டு கையிலும் அட்டைக் கொடுக்கை வச்சுத் தைச்சே விட்டுட்டான் என் பேரன். ஒரு வடையை எடுக்க முடியல. கோபமா இரு, வேணாங்கல. வடையை மட்டும் எடுத்துக் குடு."

பக்கத்து மேசையில் தோட்டக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வேதவல்லி சிரிக்கவில்லை. கையை நீட்டிப் பாய்மரத்தை மணலிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தார்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"நரைச்சுட்டியே" என்றார் அக்கா.

"அஞ்சு மணிக்கே எடுத்துட்டியே, அக்கா."

"மூணு மணிக்கே எடுக்கணும்னு நின்னாங்க. உன் பஸ் வரட்டும்னு ரெண்டு மணி நேரம் வாசல்ல மறிச்சு நின்னேன். அதுக்கு மேல என்னால ஆகல. இதைச் சொல்ல எத்தனை தடவை போன் போட்டேன்? எடுத்தியா?"

வேதவல்லி வடையைப் பிட்டார். எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அக்கா வாயில் வைத்தார்.

"பெருசா பிடுடி. எனக்குப் பல் எல்லாம் இருக்கு."

அப்போதுதான் வேதவல்லி சிரித்தார். கண்ணைத் துடைத்தபடியே சிரித்தார்.

எல்லோரும் போன பிறகு, மேசைகளை மடக்கும்போது அவர் அம்மாவிடம் கேட்டார். "காலையிலேயே அந்தப் பாயை நீங்களே எடுத்திருக்கலாமே, அம்மா?"

அம்மா கூடையை முதுகிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்திருந்தால், நீ வேறு மேசைக்கு மாறியிருப்பாய்."

வேதவல்லி அடுத்த மேசையை மடக்கப் போனார்.

விருந்தாளிகள் கேட்டுக் கேட்டுப் படகுகளை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். பன்னிரண்டில் மிச்சம் மூன்று.