எஞ்சினுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

கரட்டுப்புதூரில் நாலு பேர் கூட்டாக ஒரு வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கு ஆகிற புத்தி இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். நான் அவர்களோடு பழகியவன். ஊர்க்காரர்கள் கொஞ்சம் தாராளமாகச் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

கூட்டுக்குத் தலைவர் வெள்ளையப்பன். மற்ற மூவர், அவருடைய பெரியப்பா மகன் அழகுமலை, மச்சினன் சோணைமுத்து, தம்பி மொக்கையன். எந்தக் காரியமானாலும் நாலு பேரும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லி முடித்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பது கூட்டின் சட்டம். அதனால் அங்கே தப்பு எதுவும் அவசரத்தில் நடந்ததே இல்லை.

வெள்ளையப்பனுக்கு ஒரே மகள், அன்னமயில். அவளுக்கு மட்டும் எங்கிருந்தோ புத்தி வந்து சேர்ந்திருந்தது. அப்பா வழி இல்லை என்பது தெளிவு. அம்மா வழி என்று சொல்லலாமென்றால் தாய்மாமன் சோணைமுத்து நிற்கிறான். அந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷம் தாக்குப்பிடித்த பெண்ணுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. எப்படியாவது புத்தியுள்ள ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட வேண்டும்.

அந்த ஆசையும் கூடி வந்தது. மலைமேல் இருக்கிற மஞ்சம்பாறையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தவசி, ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து சர்டிபிகேட் வாங்கியவர். சர்டிபிகேட் என்ற சொல்லைக் கேட்டதுமே அன்னமயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா குருவையா நகை நட்டு எதுவும் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்," என்றார். "நிச்சயத் தட்டுல வைக்கிற வெத்தலை உங்க சொந்தக் கொடிக்கால் வெத்தலையா இருக்கணும். கடை வெத்தலையை வச்சா நான் தட்டை மாத்த மாட்டேன்."

வியாழக்கிழமை நிச்சயம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில், கொடிக்கால் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கிற பழைய டீசல் எஞ்சின் 'கடக், கடக்' என்று அடித்துக்கொண்டு நின்றுபோனது. வெற்றிலைக்கொடி பச்சைப்பிள்ளை மாதிரி. நாலு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் இலை வெளுத்துத் தொங்கிவிடும்.

டவுனிலிருந்து மெக்கானிக் ஞானப்பிரகாசம் வந்தார். எஞ்சினின் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமா எண்ணெய் மாத்தலை? உள்ள ஒரு இரும்புக்குள்ள இன்னொரு இரும்பு சுத்துது. மேலயும் கீழயும் ஓடுது. ரெண்டும் உரசாம நடுவுல தாள் கனத்துக்கு எண்ணெய் நிக்கணும். அடியில இருக்கிற எண்ணெயை ஒரு சின்ன பம்பு மேல ஏத்திவிடும். அது எல்லா இடத்தையும் நனைச்சு, சூட்டையும் அழுக்கையும் வாங்கிட்டு மறுபடி கீழ வரும். நீங்க அதைக் கருப்பாக்கி, வத்தவும் விட்டுட்டீங்க. பழசை வடிச்சிட்டுப் புதுசு ஊத்துங்க. இருபது டபிள்யூ நாற்பது. டீசல் எஞ்சினுக்கு உள்ளதான்னு கேட்டு வாங்குங்க. இந்தக் குச்சியில ரெண்டு கோடு இருக்கு பாருங்க, எண்ணெய் ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க."

அவர் வண்டி மறைந்ததும் கூட்டம் கூடியது. சோணைமுத்து குச்சியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"மச்சான், எண்ணெய் அது பாட்டுக்கு அடியில ஒழுங்காத்தான் இருக்கு. கோடுதான் மேல தள்ளி நிக்குது."

"கோட்டை அவ்வளவு ஒசரத்துல போட்டா எண்ணெய் எப்படி எட்டும்?" என்றார் அழகுமலை.

மொக்கையன் அரம் கொண்டுவந்தான். எண்ணெய் நனைத்திருந்த இடத்துக்கு மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் அழுத்தமாக அராவினார்கள். குச்சியை உள்ளே விட்டு எடுத்தார்கள். எண்ணெய் கச்சிதமாக நடுவில் நின்றது. வெள்ளையப்பனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சாப்பாடு கொண்டுவந்த அன்னமயில் குச்சியைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, எண்ணெய் ஏறவே இல்லையே. கோடுதானே எறங்கியிருக்கு?"

"மெக்கானிக் நடுவுல நிக்கணும்னு சொன்னாரு. எதை நகர்த்தணும்னு சொல்லலையே தாயி," என்றார் வெள்ளையப்பன்.

அன்னமயில் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை எடுத்துச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். புது எண்ணெய் வந்தால்தான் ஹேண்டில் வரும் என்று சொல்லியும் அனுப்பினாள். அவள் மட்டும் அதைச் செய்யாதிருந்தால் எஞ்சின் அன்றைக்கே இறுகிப்போய் இந்தக் கதையும் இங்கேயே முடிந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் நாலு பேரும் டவுனுக்குப் போனார்கள். எண்ணெய்க் கடைக்காரர் காஜா மைதீன் பொறுமைக்குப் பேர் போனவர். அன்று வரைக்கும்.

"இருபது டபிள்யூ நாற்பதுன்னா என்னங்க?" என்று கேட்டார் வெள்ளையப்பன்.

"டபிள்யூன்னா குளிர்காலம். முன்னாடி இருக்கிற இருபது, குளிர்ல எஞ்சின் கிளம்பும்போது எண்ணெய் எப்படி ஓடும்கிறதுக்கு. அந்த எண் குறையக் குறையக் குளிர்லயும் எண்ணெய் உறையாம ஓடும். பின்னாடி இருக்கிற நாற்பது, எஞ்சின் சூடேறுன பிறகு எவ்வளவு கெட்டியா நிக்கும்கிறதுக்கு."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பாய், எங்க ஊர்ல குளிர் கிடையாது," என்றார் வெள்ளையப்பன். "மார்கழியிலயே வேர்க்கும். அந்த இருபதை எடுத்துட்டு நாற்பதை மட்டும் குடுங்க."

"அது பிரிக்க முடியாதுங்க. ரெண்டு குணமும் ஒரே எண்ணெய்க்குள்ள கலந்திருக்கு."

"கலந்ததைப் பிரிக்க முடியாமலா போயிடும்? பொறுமை வேணும், அவ்வளவுதான்," என்று அழகுமலை முணுமுணுத்தார்.

அடுத்து டப்பாவின் மேலிருந்த எழுத்துகளைப் பற்றிய விசாரணை. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு என்று கடைக்காரர் விளக்கினார். சி-க்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டாவது எழுத்து தள்ளிப் போகப் போக எண்ணெய் புதுசு, தரமும் கூடுதல் என்றார்.

"கடைசி எழுத்து எது?" என்றான் மொக்கையன்.

"இசட்."

"அப்ப சி இசட் குடுங்க."

"அது இன்னும் வரலையே."

"வரட்டும், நிக்கிறோம்," என்று மொக்கையன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் சி ஐ போட்ட ஐந்து லிட்டர் கேன் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மொக்கையன் மத்தியானம் கடைக்காரர் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கும் வரை காத்திருந்துவிட்டு, இன்றைக்கு லோடு வரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

அவன் வந்ததும் எஞ்சினின் அடித்திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்தார்கள். தார் மாதிரி வந்தது.

"உள்ள இருந்து இவ்வளவு அழுக்கா?" சோணைமுத்து எஞ்சினைத் தடவிக்கொடுத்தான். "வாயில்லாத ஜீவன். நம்ம வீட்டுல பொறந்திருந்தா இப்படி விட்டிருப்போமா?"

"இதை என்னைக்காவது குளிப்பாட்டியிருக்கோமா?" என்றார் அழகுமலை. "கையில புது எண்ணெய் இருக்கு. கிழமையும் சனிக்கிழமை. உள்ள ஊத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல தலைக்குத் தேய்ச்சு விடுவோம்."

"அண்ணே, சனிக்கிழமை ஆம்பளைக்குத்தானே?" மொக்கையன் இடைமறித்தான். "இது பொம்பளையா இருந்தா செவ்வா, வெள்ளி. மாத்திக் குளிப்பாட்டிக் குத்தமாகிடப் போகுது."

நியாயமான சந்தேகம். நாலு பேரும் எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். வெள்ளையப்பன்தான் தீர்ப்புச் சொன்னார்.

"பொகை விடுது. காரணமில்லாம சத்தம் போடுது. வேலை இருக்கிற அன்னைக்குப் பார்த்துப் படுத்துக்குது. சந்தேகமே வேண்டாம், ஆம்பளைதான்."

ஒரு பெரிய கரண்டி எண்ணெயை எடுத்து எஞ்சின் தலையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார்கள். காதில் தண்ணீர் போய்விடக்கூடாது என்று புகை போகிற குழாயிலும் காற்று போகிற குழாயிலும் துணி அடைத்தார்கள். மூடிகளையும் அடித்திருகையும் இறுக்கினார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் இது ஒன்றுதான், அதுவும் தெரியாமல் செய்தது. பிறகு வெந்நீர் ஊற்றிச் சீயக்காய் போட்டு, பக்கச் சக்கரத்தின் இடுக்கெல்லாம் விட்டுவிடாமல் அலசினார்கள்.

அன்னமயில் ஹேண்டிலோடு ஓடிவந்தாள்.

"எண்ணெய்தான் வந்துடுச்சே. ஊத்திக் கிளப்ப வேண்டியதுதானேப்பா? கொடியெல்லாம் வாடுது, வந்து பாருங்க."

"எண்ணெய் தேச்சுக் குளிச்ச உடம்பும்மா," என்றார் வெள்ளையப்பன் கண்டிப்பாக. "இன்னைக்கு வேலை செய்யக்கூடாது. வெயில் படக்கூடாது. பகல்ல தூங்கவும் கூடாது."

கடைசி விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. எஞ்சின் சத்தமில்லாமல் நின்றதால் அது தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, சோணைமுத்து ஒரு குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்து, பொழுது சாயும் வரை அதைத் தட்டிக்கொண்டே இருந்தான். நடு நடுவே ஊர் நியாயமும் பேசினான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புதுக் கவலை. தலை துவட்டியாயிற்று, ஆனால் சாம்பிராணி போடவில்லை. நீர் கோத்துக்கொண்டால் யார் பொறுப்பு? நாலு பேரும் சாம்பிராணி வாங்கச் சந்தைக்குப் போனார்கள். நாலு வகை சாம்பிராணி இருந்தால் நாலு கருத்து வேண்டுமே.

அன்னமயில் அதற்காகத்தான் காத்திருந்தாள். கிணற்றடிக்குப் போய்த் துணி அடைப்புகளைப் பிடுங்கினாள். எஞ்சினை நன்றாகத் துடைத்தாள். மூடியைத் திறந்து, மெக்கானிக் சொன்ன பழைய கோடுகளைப் பார்த்துப் பார்த்து எண்ணெயை உள்ளே ஊற்றினாள். எண்ணெய் அடியில் இறங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள். குலசாமியை நினைத்து ஹேண்டிலைச் சுற்றினாள். இரண்டு தரம் இருமியது. மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குதித்து வாய்க்காலில் விழுந்தபோது அவள் அழுதேவிட்டாள். அரத்தை அப்போதே எடுத்து ஒளித்துவைத்தாள்.

சாம்பிராணியோடு வந்தவர்கள் சத்தம் கேட்டு வரப்பிலேயே நின்றார்கள்.

"பார்த்தியா மச்சான், குளிச்சு எந்திரிச்சதும் என்ன தெளிவு," என்றான் சோணைமுத்து. ஓடுகிற எஞ்சினுக்கே சாம்பிராணி போட்டார்கள்.

அப்புறம்தான் வெள்ளையப்பன் கேனைத் தூக்கிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அவர் முகம் மாறியது. விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"டேய், இருபதும் நாற்பதும் மொத்தம் அறுபது. அதுல மூணுல ஒரு பங்கு எவ்வளவு?"

"இருபது," என்றார் அழகுமலை. சொன்னவுடன் அவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

"பாய் பிரிக்க முடியாதுன்னாரு. எஞ்சின் பிரிச்சிடுச்சுடா! தனக்கு வேண்டிய நாற்பதை மட்டும் குடிச்சிட்டுக் குளிர்கால இருபதை அப்படியே மிச்சம் வச்சிருக்கு."

நாலு பேரும் எஞ்சினைக் கும்பிட்டார்கள். குளிரே இல்லாத ஊரில் இந்த இருபதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு, கூட்டின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக நாலு பேரும் ஒரே கருத்தைச் சொன்னார்கள். மஞ்சம்பாறை மலைமேல் இருக்கிறது. அங்கே குளிர்.

வியாழக்கிழமை குருவையா வந்தார். தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, தொடையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி மென்றார். கூடமே அவர் தாடையைப் பார்த்தது. "சொந்தக் கொடிக்கால்தான்," என்று தலையாட்டினார். அன்னமயிலுக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் பழத் தட்டுக்கும் பூத் தட்டுக்கும் நடுவில், சந்தனம் குங்குமம் வைத்து உட்கார்ந்திருந்த எண்ணெய்க் கேனை அவர் கவனித்தார். வெள்ளையப்பன் எழுந்து நின்று, டபிள்யூவில் ஆரம்பித்து எஞ்சின் பிரித்துக் கொடுத்தது வரைக்கும் ஒன்று விடாமல் விளக்கினார்.

கதவோரத்தில் நின்ற அன்னமயிலுக்கு மானம் போனது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது சம்பந்தி விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்தால் அது புத்தியுள்ள வீடு.

குருவையா சிரிக்கவில்லை. கேனைத் திறக்கச் சொன்னார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தார். முகர்ந்தார். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க. இதுல கொஞ்சம் நாற்பது கலந்திருக்கு."

வெள்ளையப்பனுக்கு வேர்த்தது. எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். டீசல் மெக்கானிக், சர்டிபிகேட் வாங்கியவர். அன்னமயிலும் கடைசி நம்பிக்கையோடு அவரைத்தான் பார்த்தாள்.

தவசி எழுந்து வந்தார். கேனுக்குள் விரலை விட்டு எடுத்தார். விரலைத் திருப்பித் திருப்பி நிதானமாகப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளில் கை வைத்தார்.

"பரவாயில்லப்பா. அந்த நாற்பது சித்திரை வெயிலுக்கு ஆகும்."