சாம்பிள் இல்லாத லாக் வாஷர்

நாச்சிமுத்து பொய் சொல்லமாட்டார். உண்மைக்குக் கொஞ்சம் காற்றடிப்பார், அவ்வளவுதான். டயர் வெடிக்கும் வரைக்கும் அடிப்பார் என்பது சங்ககிரி லாரிக்காரர்களின் புகார்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, முழங்கை வரை கிரீஸோடு, தெய்வானையின் லாரி ஸ்பேர் கடைக்குள் மூச்சு வாங்க நுழைந்தார்.

"அம்மிணி, பின் சக்கரத்து ஹப்புக்கு ஒரு லாக் வாஷர் குடு. நட்டு கழலாம காதை மடக்கி வெப்பமே, அதுதான்."

"சாம்பிள் எங்கீங்ணா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். பழைய வண்டிக்குச் சாமான் கேட்டால் பழசைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கிடையாது. அது அந்தக் கடையின் சட்டம். சட்டத்தில் நியாயமும் இருந்தது. நாச்சிமுத்துவின் லாரிக்கு இன்ஜின் ஒரு வருஷத்தது, பின் அச்சு வேறொரு வருஷத்தது, ஹப்போ எந்தப் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. கம்பியில் மூன்று தினுசு லாக் வாஷர் தொங்கியது. பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் நாக்கின் அகலத்தில்தான் வித்தியாசம். மாற்றி மாட்டினால் நட்டு கழன்று சக்கரம் தனியாகப் போய்விடும்.

நான்கு மணிக்கு மச்சான் சடையப்பன் முட்டை லோடுக்கு வண்டி எடுக்க வருவார். வண்டியில் பாதிப் பங்கு அவருடையது. போன வருஷம் நாச்சிமுத்து கியர் பாக்ஸைப் பிரித்துக் கோணியில் அள்ளி வந்த நாளில், "இனிமேல் நீங்க ஸ்பேனரைத் தொட்டா அன்னிக்கே வண்டியை வித்துடுவேன்" என்று மச்சான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். இப்போது வண்டி இடது பின் சக்கரம் இல்லாமல் ஜாக்கிமேல் நிற்கிறது. நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. வேறு ஏதாவது சொல்லத்தான் அவருக்கு எப்போதும் வாய் வருமே.

"சாம்பிளா? அது பெரிய கதை அம்மிணி. காலைல தொப்பூர் எறக்கத்துல வாரேன். ஒரு சக்கரம் ஆரன்கூட அடிக்காம என்னை ஓவர்டேக் பண்ணுது. என்ன அவசரமோ, போகட்டும்னு சைடு குடுத்தேன். அப்பறம் பாத்தா என்ற சக்கரம்! சொந்தச் சக்கரத்துக்கே சைடு குடுத்த கேனையன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்."

ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த குப்புராஜ், அவரும் பழைய டிரைவர்தான், டம்ளரைக் கீழே வைத்தார். "ஏப்பா, வண்டி சாயலியா?"

"சாயலாம்னுதான் பாத்துச்சு. நான் சீட்டுல இந்தப் பக்கம் நகந்து உக்காந்துட்டேன். சக்கரம் ஒரு டீக்கடை வாசல்ல போய் நின்னுச்சு. அங்கயே ஜாக்கி போட்டுப் பிரிச்சேன். பிரிச்சது ஒம்பது சாமான். திருப்பி மாட்டி முடிச்சா பன்னெண்டு மிச்சம்."

"பிரிச்சதுக்கு மேல எப்படிப்பா மிஞ்சும்?"

"அதுக்கெல்லாம் ஒரு கை வேணும். எவன் வேணா பிரிப்பான், மிச்சம் விடறதுக்கு நாந்தான் வரணும்! சரி, லாக் வாஷர் ஒடஞ்சுபோச்சே, என்ன பண்றது? டீக்கடைல ஒரு கெட்டி முறுக்கு வாங்கி மாட்டுனேன். பேக்கிங்குக்கு அப்பளம். ஆயில் சீலுக்கு உளுந்து வடை. நடுவுல ஓட்டையும் இருக்கு, எண்ணெயும் அதுலயே இருக்கு! ஓமலூர் தாண்டறப்ப ஐநூறு காக்கா வடை வாசத்துக்கு வந்து வண்டியோட பின்பக்கத்தைக் கவ்விப் பறக்குது. சேலம் வரைக்கும் ஒரு சொட்டு டீசல் செலவில்லை. பிரேக் புடிக்கணும்னா காக்காய்ங்களைத்தான் கெஞ்ச வேண்டியிருந்துச்சு."

குப்புராஜுக்குப் புரையேறியது. தெய்வானை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதெல்லாம் சரிங்ணா. ஒடஞ்ச வாஷர் எங்க?"

"டீக்கடைக்காரன் கவனிக்காம முறுக்கு டப்பாவுல போட்டுட்டான். பஸ் கண்டக்டர் ஒருத்தர் எடுத்துக் கடிச்சார். நான் ஐயோங்கறதுக்குள்ள முழுங்கிட்டு, உப்பு கம்மின்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க. அளந்து பாத்துத் தர்றேன்."

குப்புராஜ் வாய்விட்டுச் சிரித்தார். நாச்சிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. அடித்த காற்றெல்லாம் ஒரே நொடியில் இறங்கிப்போனது.

"அம்மிணி, வண்டி தொப்பூருக்கே போகலை. வீட்டு முன்னாடிதான் நிக்குது. பின்னால என்னமோ சத்தம் வந்துச்சு, நானே பாத்துக்கலாம்னு பிரிச்சேன். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. புது வாஷர் எதுக்குன்னு பழசோட மடங்குன காதைச் சுத்தியல்ல தட்டி நிமித்துனேன். ஒடஞ்சு தெறிச்சுச் சாக்கடைல விழுந்துருச்சு. ரெண்டு மணி நேரம் கையை விட்டுத் துழாவிட்டேன். இருபத்திரண்டு வருஷமா அந்த வண்டியிலதான் சோறு. மச்சான் வித்துட்டா நான் எங்க போவேன்?" அது மட்டும் காற்றடிக்காத உண்மை.

தெய்வானை எழுந்து, கம்பியிலிருந்து நடு வாஷரைக் கழற்றிக் காகிதத்தில் மடித்தாள்.

"இதுதான் உங்க அச்சுக்கு. போன செவ்வாக்கிழமை நானே வண்டிகிட்ட வந்து அளவெடுத்தேன்."

"என்ற வண்டிக்கா? யாரு கூப்புட்டா?"

"உங்க மச்சான்தான். நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப வலது சக்கரத்தை அவரே பிரிச்சுட்டாரு. அவரும் சாம்பிளைத் தொலைச்சுட்டுத்தான் வந்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும், சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

நாச்சிமுத்து பொட்டலத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வண்டி பிழைத்துவிட்டது. சந்தோஷத்தோடு கோபமும் வந்தது.

"அளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டே?"

"உங்க மச்சானும் ஒரு கதை சொன்னாருங்ணா. அதைவிட நல்லா சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

தெய்வானை அடுத்த ஆளின் சாம்பிளை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அவரளவுக்கு வரலீங்ணா."