ஒரு சொட்டும் இறங்காத துணி

தார்ப்பாய் விற்றே தலை நரைத்தவர் மருதாசலம். ஐம்பத்திரண்டாம் வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான பூங்கோதையிடம் வேலை கற்க வந்தார். காலிப் பாட்டில்களை உருக்கிப் பஞ்சாக்கி, ஊசியால் குத்திக் குத்திக் கம்பளம் போலத் துணி செய்யும் மில் அது. அந்தத் துணியை உள்ளே வைத்துக் கட்டினால் ஏரிக்கரையின் மண் கரைந்து போகாமல் நிற்கும்.

போன ஐப்பசியில் உடைந்தது அவர் ஊர்க் கரைதான். வீடும் அதோடு போயிற்று. புதுக் கரைக்குப் போகும் துணி தன் கையால் ஆனதாக இருக்கவேண்டும் என்று மனிதருக்கு ஒரே வெறி.

முதல் சுருளைப் பெருமையோடு விரித்தார். சூட்டு உருளையில் மூன்று முறை விட்டு, வழவழவென்று ஆக்கியிருந்தார். இருபது வருஷத் தார்ப்பாய்ப் பழக்கம் சும்மா விடுமா?

"ஒரு சொட்டு இறங்காதுங்க, மாஸ்டரம்மா."

பூங்கோதை ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். அப்படியே தேங்கி நின்றது.

"இது ஆகாதுங்ணா."

மருதாசலத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "தண்ணிய விட்டுட்டா அது என்னங்க கரை?"

அவள் அவரை மில் கேட்டுக்குக் கூட்டிப்போனாள். சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம்.

"கேட்டைச் சாத்திப் பிடிச்சுக்குங்க. ஒருத்தரையும் விடாதீங்க."

மணி அடித்தது. வெளியே இருந்த கேன்டீனுக்குப் போக அறுபது பெண்கள் வந்தார்கள். மருதாசலம் தோளைக் கொடுத்துப் பார்த்தார், பல்லைக் கடித்துப் பார்த்தார். பத்து எண்ணுவதற்குள் கேட் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே அவரைத் தூக்கி நிறுத்தி, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பூங்கோதை அவரிடம் ஒரு கூடையைக் கொடுத்தாள்.

"ஆளை விட்டுருங்க. அவங்க போட்டிருக்கற கையுறை மட்டும் உள்ளயே நிக்கோணும்."

மணி அடித்தது. நேற்றைவிட இரண்டு மடங்கு வேகமாக வந்தார்கள். கையுறைகள் கூடையில் விழ விழ, ஆட்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு கையுறைகூட வெளியே போகவில்லை. மருதாசலம் நின்ற இடத்திலேயே நின்றார்.

கூடையைப் பார்த்தார். திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார். நேரே உள்ளே போய்ச் சூட்டு உருளையை நிறுத்திவிட்டு வந்தார். மனசு லேசாகிவிட்டது. ஆனாலும் கரை உடைந்ததைக் கண்ணால் கண்டவர் அல்லவா?

"சரிங்க, மாஸ்டரம்மா. வெள்ளம் பலமா வந்துச்சுன்னா?"

"நேத்து தயிர்ச்சோறுங்ணா. இன்னைக்குப் பிரியாணி."